ஆடிக் கடலை: பெரியவீட்டுக் குழு

பாண்டி சித்தப்பா: வெள்ளிக்கிழமைக்குள் விதைக்குப் பணம் கட்டணும். நாலு ஏக்கருக்கும் எந்த ரக நிலக்கடலை போடலாம்?

செல்வி அத்தை: போன வருடம் போட்டது வேண்டாம். பாதி பொக்கு.

முருகேசன் பெரியப்பா: விதையைக் குறை சொல்லாதே. பூவிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்கும்போது மழை இல்லை.

செல்வி அத்தை: கிணற்றில் தண்ணீர் கிடந்ததே அண்ணே. மோட்டார் சாவி யாரிடம் இருந்தது?

பாண்டி சித்தப்பா: அக்கா, விதையைப் பேசுவோம்.

கார்த்தி: சித்தப்பா, கோ 7 கிடைக்கிறதா என்று பாருங்கள். ஐதராபாத் பக்கம் பட்டான்செருவில், இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஐசிஜிவி 00351 ரகம்தான் நம் ஊரில் கோ 7 ஆனது. நீங்கள் விடாமல் போடும் டிஎம்வி 2 திண்டிவனத்தில் 1940-இல் வெளியிட்டது. ஆந்திராவில் அனந்தபூரிலும் அதையேதான் பிடித்துக்கொண்டிருந்தார்கள், அப்புறம் வறட்சிக்கென்று ஐசிஜிவி 91114 அங்கே போனது. வறட்சி தாங்கும் என்றால் தண்ணீரே வேண்டாம் என்று இல்லை. மண்ணில் இருக்கும் ஈரத்தில் எவ்வளவு உறிஞ்சுகிறது, உறிஞ்சியதற்கு எவ்வளவு வளர்கிறது, வளர்ந்ததில் எவ்வளவு காயாகிறது, இந்த மூன்றையும் பார்க்கிறார்கள். இலை தடித்துக் கரும்பச்சையாக இருக்கிறதா என்று கருவி வைத்து அளப்பதும் அதற்குத்தான்.

மதன்: மாப்ள இது மெசேஜா, பரீட்சைப் பேப்பரா?

செல்வி அத்தை: இலை பச்சையாக இருந்தால் பக்கத்துக் காட்டு ஆடு விடுமா?

கார்த்தி: புது ரகத்துக்காக ரெண்டு ரகத்தை ஒட்டுச் சேர்ப்பது இன்னும் கஷ்டம் அத்தை. கடலைப்பூ தன் மகரந்தத்திலேயே சூல் பிடித்துவிடும். அதனால் சாயங்காலமே மொட்டைப் பிரித்து மகரந்தப்பையை இடுக்கியால் எடுத்துவிட்டு, மறுநாள் காலையில் வேறு ரகத்து மகரந்தத்தை வைப்பார்கள்.

மதன்: சாயங்காலம் ஒரு மாப்பிள்ளையை விரட்டிவிட்டு விடிந்ததும் வேறு மாப்பிள்ளையா 😂

மலர்: மாப்பிள்ளை கதை இருக்கட்டும். காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் என்னவென்று மதன் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

மதன்: 🙏

முருகேசன் பெரியப்பா: கார்த்தி, கடைசி மாதம் காய்ந்தால் உன் கோ 7 நிற்குமா?

கார்த்தி: அந்த வறட்சிதான் மோசம் பெரியப்பா. மண் சூடேறிக் காயில் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு வரும், அதை ரகம் மட்டுமே தடுக்காது. நாள் தள்ளாமல் பறித்து நன்றாகக் காயவைக்கணும்.

முருகேசன் பெரியப்பா: அப்போ என் பங்கில் பழையதே இருக்கட்டும்.

செல்வி அத்தை: பங்கா? எப்போது பிரித்தீர்கள்?

பாண்டி சித்தப்பா: சரி சரி. ரெண்டு ஏக்கர் கோ 7, ரெண்டு ஏக்கர் பழையது. ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு. பணம் யார் யார் போடுகிறீர்கள்?

மலர்: மண்டபமா கோயிலா, அதையாவது சொல்லுங்கள்.

பாண்டி சித்தப்பா: கார்த்தி, ஒத்தக்கடையில் விதை இருக்கிறதா என்று விசாரித்து எனக்கு மட்டும் போன் பண்ணு. இங்கே போடாதே.