புதுப்பிப்பு: முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு பால்வெட்டுக்குத் திரும்புவது

நடை இலக்கைத் தூரத்தில் வைக்காமல் நிமிடத்தில் வையுங்கள் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தோம். டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை போன்ற வட்டு) ஆபரேஷன் முடிந்தவர்கள் பால்வெட்டுக்கு, அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கத்தியால் சீவிப் பால் எடுக்கும் வேலைக்கு, எப்படித் திரும்புவது என்று கேட்டதால் இந்தப் பதிவு.

டாக்டர் அனுமதித்த பிறகுதான் கத்தியைத் தொட வேண்டும். எத்தனை மரம் என்பதைவிட வெட்டு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே முதல் இலக்கு. ஒட்டு மரத்தில் (மொட்டு ஒட்டி வளர்த்த மரம்) வெட்டு சுமார் 125 செ.மீ. உயரத்தில் தொடங்கி, வருடம் போகப் போகக் கீழே இறங்கும். நிமிர்ந்து நின்று வெட்டக்கூடிய மரங்களை மட்டும் முதலில் எடுங்கள். தாழ்ந்த வெட்டுக்குக் குனிந்தபடி இடுப்பைத் திருகுவதுதான் டிஸ்க்கை அழுத்தும். முழங்காலை மடக்கி, பாதத்தையும் உடம்போடு சேர்த்துத் திருப்புங்கள்.

ஒரு லிட்டர் பால் ஏறத்தாழ ஒரு கிலோ. மரத்தில் கட்டிய சிரட்டையிலிருந்து எடுக்கும் பால் 2 லிட்டர் சேர்ந்ததுமே பெரிய வாளியில் ஊற்றிவிடுங்கள். அதை வேறொருவர் சுமக்கட்டும். குமரி மாவட்டத்துக் கல்குளம், விளவங்கோடு பக்கச் சரிவுகளில் மழை நாளில் இறங்கவே வேண்டாம்.

மறுநாள் காலை வலி கூடியிருந்தால் வேலையைப் பாதியாக்குங்கள். வலியில்லாத நாளில் இரட்டிப்பாக்காதீர்கள், பெரும்பாலும் அங்கேதான் கெடுகிறது.

பாதம் தளர்ந்தாலோ, மூத்திரம் அடைத்தாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ விடியும்வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.