புதுப்பிப்பு: அம்மப்பாவின் கடேற் சீருடை

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொழும்பில் கல்லூரி மாணவனாக இருந்த அம்மப்பா கடேற் (மாணவர் படை) பயிற்சிக்குப் போட்ட காக்கிச் சீருடையை எப்படிப் பாதுகாப்பது என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். கழுவி அயன் பண்ணச் சொன்னவர்கள்தான் அதிகம். கழுவவில்லை. கொலரின் உட்புறம் மையால் எழுதிய இலக்கம், கக்கத்தில் வியர்வைக் கறை, முழங்கையில் கையால் போட்ட தையல்: இவைதானே அவர் உடுத்ததற்குச் சாட்சி!

சீருடை இப்போது ஓர் ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. பித்தளைப் பொத்தான்களில் பச்சைக் களிம்பு பிடித்து, அது துணியையும் தின்னத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு பொத்தானுக்கு அடியிலும் அமிலமற்ற மெல்லிய தாள் வைத்தார்கள். மடிப்புகளுக்குள்ளும் அதே தாளைச் சுருட்டி வைத்தார்கள், இல்லாவிட்டால் மடித்த இடத்திலேயே நூல் அறுந்துவிடும். அப்புறம், நம் திருகோணமலை உப்புக்காற்றில் பிளாஸ்டிக் பையில் மட்டும் கட்டி வைக்காதீர்கள், உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.

1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் பிரித்தானியாவின் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கியது. அந்தக் காலத்துக் கடேற் படங்கள் உங்கள் வீட்டு அலுமாரியில் இருந்தால், தயவுசெய்து எறிய முதல் எனக்கு ஒரு சொல் சொல்லுங்கள்.