புதுப்பிப்பு: எல்க் வேட்டைக்காக வயோமிங் வந்தாயிற்று

எல்க் (பெரிய மான் வகை) வேட்டைக்காக அமெரிக்க மாநிலங்களான மொன்டானாவா, ஐடஹோவா, வயோமிங்கா, எங்கே குடிபோகலாம் என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா? வயோமிங் என்று முடிவாகி, வந்தும் சேர்ந்துவிட்டோம்.

வந்த கையோடு உள்ளூர்வாசிக்கான வேட்டை உரிமம் கிடைக்காது. ஓராண்டு இங்கே நிரந்தரமாகக் குடியிருந்திருக்க வேண்டும்; அதுவரை வெளிமாநிலத்தவருக்கான கட்டணமும் குலுக்கலும்தான். மொன்டானாவில் இதற்கு 180 நாள் போதும், அவசரக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் வயோமிங்கில் காத்திருந்தால் பொது எல்க் உரிமத்தைக் குலுக்கல் இல்லாமலே வாங்கலாம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறு. கூட்டரசின் வனாந்தரப் பகுதிகளில் (சட்டப்படி இயற்கையாகவே விட்டுக் காக்கப்படும் இடங்கள்) பெரிய விலங்குகளை வேட்டையாட, வெளிமாநிலத்தவருடன் உரிமம் பெற்ற வழிகாட்டியோ அனுமதி வாங்கிய உள்ளூர்க்காரரோ வந்தாக வேண்டும். உள்ளூர்வாசி தனியாகவே போகலாம்!

அப்புறம், நிலம் பற்றிக் கேட்டவர்களுக்கு: மாநிலத்தில் கிட்டத்தட்ட பாதி கூட்டரசு நிலம். பல இடங்களில் சதுரங்கக் கட்டம் போலத் தனியார் நிலத்தோடு கலந்து கிடக்கிறது. தனியார் மண்ணில் கால் படாமல், ஒரு பொது நிலக் கட்டத்தின் மூலையிலிருந்து அதைத் தொடும் அடுத்த பொது நிலக் கட்டத்தின் மூலைக்குத் தாண்டலாம் என்று 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது நம் நல்லகாலம்.

1966 முதல் பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். காத்திருக்கும் காலத்திலேயே முடித்துவிடுங்கள்.