மணி அடித்ததா, இல்லையா?

பாலத்தடியான் (கல்லடி):
நேற்று வேறொரு திரியில் வாவிக்கரை எழுதியதை அப்படியே தருகிறேன்: "விமானம் உயரம் தவறுவதெல்லாம் பழங்கதை. கணினி பிடித்துக்கொள்ளும். விமானிகள் தேநீர் குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசினாலும் ஒன்றும் ஆகாது." முப்பது வருடம் அளவுமானிகளோடு வாழ்ந்தவன் நான். இதைப் படித்த பிறகு சோறு இறங்கவில்லை.

1972 டிசம்பர் 29. ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401, நியூயோர்க்கிலிருந்து மயாமிக்கு. மூக்குச் சக்கரம் இறங்கிவிட்டதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. 2000 அடியில் ஓட்டோ பைலட்டிடம் விமானத்தைக் கொடுத்துவிட்டு, அத்தனை பேரும் அந்த விளக்கோடு மல்லுக்கட்டினார்கள். கட்டுப்பாட்டுத் தண்டில் யாரோ சாய்ந்ததில் ஓட்டோ பைலட்டின் உயரப் பிடிப்பு விடுபட்டிருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு. கீழே வெளிச்சமே இல்லாத சதுப்பு நிலம். 250 அடி இறங்கியதும் உயரம் தவறியதை எச்சரிக்கும் மணி அடித்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. 101 உயிர்கள். சக்கரம் ஒழுங்காகத்தான் இறங்கியிருந்தது. கருகியிருந்தது மின்குமிழ் மட்டும்.

வாவிக்கரை (மட்டக்களப்பு):
அளவுமானி என்றால் விமானத்து அளவுமானியா, அரிசி ஆலையின் நீராவி மானியா? ஊருக்குத் தெரியும். அது கிடக்கட்டும். மணி அடித்ததாம், விமானி அறையில் இருந்த ஒருவருக்கும் கேட்கவில்லையாம். எல்லோரும் செவிடர்களா? மணி அடிக்கவில்லை என்பதே உண்மை.

பாலத்தடியான்:
தம்பி, அடித்தது. கறுப்புப் பெட்டி ஒலிப்பதிவில் அரை விநாடி ஒலியாகப் பதிந்திருக்கிறது. அதைப் பற்றி யாரும் ஒரு சொல் பேசவில்லை என்பதும் அறிக்கையில் இருக்கிறது. கவனம் சிதறினால் காது திறந்திருந்தும் பயனில்லை. நான் சொல்ல வந்ததே இதைத்தான்.

வாவிக்கரை:
எனக்கு அறுபத்திரண்டு வயது. தம்பி என்று அழைக்க வேண்டாம்.

ரீச்சர் (காரைதீவு):
இருவரும் ஒரே மணியைச் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். 1996 நவம்பர் 12, டில்லிக்கு அருகே சர்க்கி தாத்ரி. கசக்ஸ்தான் விமானத்துக்கு 15,000 அடிவரை இறங்கத்தான் அனுமதி. அது அதற்கும் கீழே இறங்கி, 14,000 அடியில் வந்த சவூதி விமானத்தோடு மோதியது. 349 பேர். கட்டுப்பாட்டு நிலையத்தோடு பேசிய வானொலி இயக்குநருக்குத் தனியாக உயரமானியே இல்லை, விமானிகளின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்க வேண்டும். காதில் கேட்பவர் ஒருவர், கண்ணால் பார்ப்பவர் வேறொருவர் என்றால் இப்படித்தான் முடியும். இதற்கும் ஒரு பதில் சொல்லுங்கள்.

வாவிக்கரை:
அதன் பிறகுதானே மோதலைத் தவிர்க்கும் கருவியை இந்தியா கட்டாயமாக்கியது? நான் சொன்னதும் அதுதான். இப்போது கருவி பார்த்துக்கொள்ளும்.

பாலத்தடியான்:
அந்தக் கருவி மற்ற விமானத்தைப் பார்க்கும், மலையைப் பார்க்காது. மலைக்கு வேறு கருவி இருக்கிறது, அதுவும் கத்தத்தான் செய்யும். கத்துவதை யார் கேட்பது? அதற்குத்தான் 1981இல் அமெரிக்கா சட்டமே போட்டது: 10,000 அடிக்குக் கீழே தேவையற்ற பேச்சு கூடாது. காரணம் 1974இல் சார்லட் நகரில் விழுந்த விமானம் போன்றவை. தரையிறங்கும் நேரத்தில் அரசியலும் பழைய கார்களும் பேசிக்கொண்டிருந்தார்கள். 72 பேர். மணி விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன்.

சாய்ந்தமருதான்:
மயாமி, டில்லி, சார்லட். நம் நாட்டு மலையில் மோதியது ஒருவருக்கும் நினைவில் இல்லையா? 1974 டிசம்பர் 4, மஸ்கெலியாவில் ஏழு கன்னியர் மலை. சுராபயாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் போன இந்தோனேசியர்கள், விமானப் பணியாளரோடு சேர்த்து 191 பேர். கட்டுநாயக்கா விமான நிலையத்தை நெருங்கிவிட்டோம் என்று தவறாக எண்ணி உயரத்தைக் குறைத்தார்கள். என் வாப்பா அந்தக் கதையைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். அடுத்து 1978 நவம்பர் 15, கட்டுநாயக்காவிலேயே ஐஸ்லாந்து விமானம். ஹஜ் முடித்துத் திரும்பியவர்கள். 183 பேர். துணை விமானி உயரங்களை உரக்கச் சொல்லவில்லை என்பது நம்மவர்களின் அறிக்கை. தரைக் கருவியில்தான் கோளாறு என்றது ஐஸ்லாந்துத் தரப்பு.

வாவிக்கரை:
பார்த்தீர்களா? கருவிக் கோளாறு. விமானி மேல் பழி போடுவது சுலபம்.

சாய்ந்தமருதான்:
காக்கா, நான் சொன்னதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்கள்.

பாலத்தடியான்:
பாதி எடுப்பது அவருக்குப் பழக்கம். கணினிக் காலத்துக் கதையே வேண்டுமா? 2009 ஒக்டோபர் 21, நோர்த்வெஸ்ட் 188. விமானிகள் இருவரும் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, இறங்க வேண்டிய மினியாபொலிஸைத் தாண்டிச் சுமார் 150 மைல் போய்விட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வானொலிக்குப் பதில் இல்லை.

வாவிக்கரை:
உயரம் தவறியதா? இல்லை. 37,000 அடியில்தான் இருந்தது. அதைப் பிடித்து வைத்திருந்தது எது? கணினி. நன்றி, என் வாதத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

உகந்தைமயில்:
இதற்கு என்ன பதில் வரும் என்று காத்திருக்கிறேன்.

பாலத்தடியான்:
பதில்: மணி அடித்தது. முதலில் அதை ஒப்புக்கொள்ளுங்கள், பிறகு மினியாபொலிஸ் பற்றிப் பேசலாம்.

வாவிக்கரை:
சரி, தேடிப் பார்த்தேன். அந்த ஒலி வந்தது விமானப் பொறியாளரின் இடத்திலிருந்து. அவரோ சக்கரத்தைப் பார்க்கக் கீழ்ப் பொந்துக்குள் இறங்கியிருந்தார். ஆளில்லாத மேசைக்கு அடித்த மணி அடிக்காத மணிதான்.

பாலத்தடியான்:
இதுதான் வாவிக்கரை! அடிக்கவில்லை என்றார், இப்போது ஆளில்லாத இடத்தில் அடித்தது என்கிறார். அறையில் மற்ற இருவர் இருந்தார்களே! 900 அடி என்று ராடாரில் பார்த்த கட்டுப்பாட்டாளர்கூட, அங்கே நிலைமை எப்படி என்றுதான் கேட்டார், உயரத்தைக் கேட்கவில்லை. எல்லோருக்கும் சக்கரம்தான் மனதில். கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில் சாரதி கைத்தொலைபேசியில் கதைக்கும்போது நமக்கு வயிறு கலங்குகிறதா இல்லையா? முந்நூறு பேரை ஏற்றியவன் கதைத்தால் மட்டும் கணினி பார்த்துக்கொள்ளுமா?

உகந்தைமயில்:
பஸ்ஸைப் பற்றிப் பேசாதீர்கள். போன வாரம் அம்பாறை பஸ்ஸில் ஏறிய எனக்கு மிச்சக் காசு இன்னும் வரவில்லை.

வாவிக்கரை:
பாலத்தடியான் ஐயா, கல்லடிப் பாலத்தடியில் பௌர்ணமி இரவில் மீன் பாடுவது கேட்கிறது என்று இங்கே மூன்று பக்கம் எழுதியவர் நீங்கள். துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தீர்களாம். மீனின் பாட்டைக் கேட்ட காது சொல்வதால் மணியையும் நாங்கள் நம்ப வேண்டுமா?

பாலத்தடியான்:
மீன் பாடியது. என் அப்பாவும் கேட்டிருக்கிறார்.

ரீச்சர்:
அது மீனா, ஊரி என்ற நத்தையா என்பதே இன்னும் தீரவில்லை. நான் மூன்று முறை தோணியில் போய் நுளம்புக் கடிதான் வாங்கினேன்.

சாய்ந்தமருதான்:
191 பேர் பற்றி எழுதினேன். நீங்கள் ஊரியில் நிற்கிறீர்கள்.

வாவிக்கரை:
கல்லடிப் புதுப் பாலம் திறந்த ஆண்டை 2012 என்று அடித்துச் சொன்னவரும் இவர்தான். திருத்தியபோது பத்து நாள் கோபித்துக்கொண்டு போனார். இவருடைய 1972ஐ எப்படி நம்புவது?

பாலத்தடியான்:
அது தட்டச்சுப் பிழை. எத்தனை தரம் சொல்வது! 401இன் ஒலிப்பதிவில் தட்டச்சுப் பிழை கிடையாது. 2000 அடியில் பிடித்து வைத்தார்கள், 1750இல் மணி அடித்தது, இரண்டு நிமிடத்துக்குள் சதுப்பில் விழுந்தது. மணி அடித்தது. மணி அடித்தது. இதற்கு ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசவும்.

வாவிக்கரை:
2013.