சிறிய பெட்ரோல் இஞ்சின்: நடுக்கமும் சூடேறுதலும்

கேள்வி (ஜெலுத்தோங்): அனைவருக்கும் வணக்கம். என் பழைய காரின் இஞ்சின் மூன்று சிலிண்டர்களும் 989 சி.சி. கொள்ளளவும் கொண்டது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஸ்டீயரிங் வரை நடுங்குகிறது. பினாங்குப் பாலத்து நெரிசலில் சூட்டுமானி ஏறி, வண்டி வேகமெடுத்ததும் இறங்கிவிடுகிறது. ரோன் 97 பெட்ரோலுக்கு மாறினால் சரியாகுமா?

பதில் (பட்டர்வொர்த்): ரோன் என்பது ஆக்டேன் எண், அது இஞ்சினில் தட்டல் சத்தம் எழாமல் பெட்ரோல் எரியும் திறனைத்தான் குறிக்கிறது, ரோன் 95-க்கென வடிவமைத்த இஞ்சினுக்கு 97 ஊற்றுவது வீண்செலவு. கிராங்க் தண்டு (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) 240 பாகை சுழலும்தோறும் ஒரு சிலிண்டர் மட்டுமே எரிவதால், நான்கு சிலிண்டர் இஞ்சினைவிடச் சற்றுக் கூடுதலான அதிர்வு இதற்கு இயல்பு என்றாலும், ஸ்டீயரிங்கை எட்டும் நடுக்கம் இயல்பன்று. த்ரோட்டில் பாடியில் (இஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) படிந்த கரி, ஸ்பார்க் பிளக், அதற்கு மின்சாரம் தரும் காயில் ஆகியவற்றைப் பார்த்த பிறகே, இஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கை மாற்றச் சொல்லுங்கள். பட்டறைகளில் பெரும்பாலும் மவுண்டிங்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள், அது முறையன்று.

பதில் (பாயான் லெப்பாஸ்): நடுக்கம் காத்திருக்கலாம், சூடு காத்திருக்காது. சூட்டில் அலுமினிய சிலிண்டர் ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) வளைந்துவிட்டால், அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டும் போய்விடும். ஓடும்போது எதிர்க்காற்றும், நிற்கும்போது மின்விசிறியும் ரேடியேட்டரைக் குளிர்விப்பதால், உங்கள் அறிகுறி விசிறியையே காட்டுகிறது. ஏர்கான் போட்டதும் அது சுழல்கிறதா?

கேள்வி கேட்டவர்: சுழல்கிறது, ஐயா. ஏர்கானை நிறுத்தினால் சூடேறிய பிறகும் சுழல்வதில்லை. இருப்பது ஒரே விசிறிதான்.

பதில் (பாயான் லெப்பாஸ்): அப்படியானால் விசிறியின் மோட்டார் நன்றாக இருக்கிறது. வெப்ப உணரியையும் அதன் கம்பி இணைப்பையும் சோதியுங்கள். கூலன்ட் (ரேடியேட்டரில் ஓடும் குளிர்விப்புத் திரவம்) குறைந்திருந்தால் வெறும் குழாய்நீரை ஊற்றாதீர்கள், உள்ளே துருப்பிடிக்கும். சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம்.