காகிதப்பூச் செடி தழைக்கிறது, ஆனால் பூக்கவில்லை

கேள்வி (திருச்சி, மாடித்தோட்டம்):
வணக்கம். ஒன்றரை ஆண்டுக்கு முன் நாற்றுப்பண்ணையில் ஒரு காகிதப்பூச் செடி வாங்கினேன். அப்போது அது சிறிய தொட்டியில், இலையே தெரியாதபடி இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தது. வேர் நெருக்கப்படுமே என்று இரக்கப்பட்டு, வாங்கிய வாரமே 18 அங்குலத் தொட்டிக்கு மாற்றி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை கடலைப் புண்ணாக்குக் கரைசலும் கொடுத்து வருகிறேன். இன்று ஆறடிக் கிளைகளும் கரும்பச்சை இலைகளும் நீள முட்களுமாக நிற்கிறது; தை பிறந்தும் ஒரு பூ இல்லை. தண்ணீர்த் தொட்டியின் நிழல் முற்பகல் முழுவதும் அதன் மேல் விழுகிறது. நான் எங்கே தவறுகிறேன்?

பதில் (கோவை):
அம்மா, உங்கள் செடிக்கு நோய் எதுவும் இல்லை. அளவுக்கு மீறிய ஊட்டம்தான் காரணம். கடலைப் புண்ணாக்கில் ஏறத்தாழ 7 விழுக்காடு தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறது. அதோடு பெரிய தொட்டியும் தினமும் இரு வேளைத் தண்ணீரும் சேரும்போது, பூக்க வேண்டிய தேவையே இல்லாமல் செடி கிளை வீசிக்கொண்டே போகும். உங்களைக் கவலைப்படுத்தும் அந்த முட்களைச் சற்று உற்றுப் பாருங்கள்: இந்தச் செடியில் முள்ளும் பூங்கொத்தின் காம்பும் இலைக்கணுவில் தோன்றும் ஒரே உறுப்பின் இரு வடிவங்கள், செழித்து ஓடும் கிளையில் அது முள்ளாக முற்றுகிறது, வளர்ச்சி அடங்கிய கிளையில் பூங்கொத்தாக விரிகிறது. எனவே புண்ணாக்கை உடனே நிறுத்துங்கள். மேல்மண் காய்ந்து, தளிர் இலைகள் லேசாகத் துவளும்வரை காத்திருந்து, பிறகு அடித்துளை வழியே வடியும் அளவுக்கு ஒரே முறையாக ஊற்றுங்கள். நெடுஞ்சாலை நடுத்திட்டுகளில் இதே செடி எப்படிப் பூத்துக் குலுங்குகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், இதில் அச்சப்பட ஒன்றுமில்லை என்பது விளங்கும்.

பதில் (மதுரை):
தண்ணீரைக் குறைப்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் நிழலை முதலில் சரிசெய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படாவிட்டால், எவ்வளவு காயப்போட்டாலும் பயன் இராது. தொட்டியை நகர்த்துமுன் அடியில் கைவிட்டுப் பாருங்கள். துளை வழியே வெளியேறிய வேர் தளத்து விரிசலில் இறங்கியிருந்தால், இழுத்துப் பிடுங்காமல் கத்தியால் அறுத்து விடுங்கள். சிறிய தொட்டிக்குத் திரும்ப மாற்ற வேண்டாம். இதன் வேர்கள் மெல்லியவை, மண்ணுருண்டை உடைந்தால் செடியே பட்டுப்போகும். என்னிடம் இருந்த ஒரு நல்ல வெள்ளை வகையை அப்படித்தான் இழந்தேன். இன்னொன்று: தொட்டிச் செடியை இலை கொட்டும் அளவுக்குக் காயவிடாதீர்கள், சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தளமே கொதிக்கும், அப்போது தினமும் ஒரு வேளை தண்ணீர் தேவைப்படும்.

கேள்வி கேட்டவர் (பங்குனியில்):
இருவருக்கும் நன்றி. வெயில் படும் கைப்பிடிச் சுவரோரம் நகர்த்தினேன்; வேர் ஒன்றை அறுக்க வேண்டியிருந்தது. முதல் மூன்று வாரம் இலைகள் பழுத்து உதிர்ந்தபோது மனம் கேட்கவில்லை, ஆனாலும் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றவில்லை. இன்று காலை கிளை நுனிகளில் வெளிர்பச்சையாக மும்மூன்று சிற்றிலைகள் கூடி நிற்பதைக் கண்டேன். ஒன்றில் ஓரம் மட்டும் சிவந்திருக்கிறது. இவை பூக்கள்தாமா? கவாத்து எப்போது செய்வது?

பதில் (கோவை):
பூக்களேதாம். நிறம் ஏறுபவை பூவடிச் செதில்கள், அதாவது பூவைச் சூழும் இலைகள்; உண்மையான பூ, ஒவ்வொரு செதிலின் நடுவிலும் குழல்போல வெள்ளையாக, சிறிதாக விரியும். இப்போது எந்தக் கிளையையும் வெட்டாதீர்கள். நிறம் வெளுத்து உதிரத் தொடங்கியதும், பூத்த கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை நறுக்கி விடுங்கள். அடுத்த பூக்கள் புதுத் தளிரில்தான் வரும். தடித்த கையுறை அணிந்துகொள்ளுங்கள். வெட்டிய துண்டுகளில் பென்சில் பருமனுள்ளவற்றை அரையடி நீளத்துக்கு நறுக்கி மணல் கலந்த மண்ணில் ஊன்றினால், சில வாரங்களில் அவையும் வேர்பிடிக்கும்.