டிபிஎஃப் விளக்கு எரியுது, தாண்டேலியில் மாட்டிக்கிட்டோம்

நானும் வீட்டுக்காரரும் கோவையிலிருந்து காரில் கிளம்பி கர்நாடகாவில் இருக்கிற தாண்டேலிக்கு வந்தோம். காளி ஆற்றில் ராஃப்டிங் எல்லாம் அருமையா முடிஞ்சுது, வண்டிதான் மக்கர். பிஎஸ்6 டீசல், 2021 மாடல். நேற்று மாலையிலிருந்து டிபிஎஃப் (டீசல் புகையில் வர்ற கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) விளக்கு எரியுது. மேட்டில் இழுவையே இல்ல; சாவியை எடுத்த பிறகும் ஃபேன் ஓடுது, லேசா கருகல் வாடை.

ஃபில்டரில் சேர்ந்த கரி சூட்டில் எரியட்டும்னு ஹளியாள் ரோட்டில் மூணாவது கியர், 2000 ஆர்பிஎம்முக்கு மேல அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்தாச்சு. விளக்கு அணைஞ்சுது. காட்டுப் பாதையில் ஊர்ந்ததும் திரும்ப வந்துடுச்சு. ஆயில் அளவு சரி, டீசலும் அரை டேங்குக்கு மேல. சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டா "கொண்டு வாங்க"ன்னு ஒரே பதில். இவரோ ஜோக் அருவியைப் பார்க்காம திரும்ப மாட்டாராம்!

விளக்கு மின்னல, நிலையாத்தான் எரியுது. இப்படியே சிர்சி வழியா ஜோக் வரை ஓட்டலாமா, இல்ல முதல்ல ஹுப்பள்ளி போய் ஃபோர்ஸ்டு ரீஜென் (சர்வீஸ் சென்டரில் கருவி மாட்டி ஃபில்டர் கரியை எரிக்கிறது) செஞ்சே ஆகணுமா?